கண்ணுள் வினைஞரும் சாம்பல் நிறக் கப்பலும்

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, பத்தாந்தர மாணவர் சிலரைச் சித்திரம் வரைவதற்காகத் திருகோணமலை உட்துறைமுகக் கரைக்கு அழைத்துச் சென்றேன். நான் தமிழாசிரியன், சித்திரம் எனக்குரிய பாடமன்று. சித்திர ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் அவ்விடம் ஒரு தவணையாக வெறுமையாய்க் கிடந்தமையால், அப்பாடவேளையை நிரப்பும் பொறுப்பு என்மேல் விழுந்தது. மாணவர் கரையோரக் கட்டில் அமர்ந்து நீர்வர்ணம் குழைத்தனர். சற்று நேரத்தில் ஒருவன் தாளை ஏந்தியபடி என்னிடம் வந்தான். "சேர், கடலுக்குப் பூசின அதே நிறந்தான் கப்பலுக்கும் வருது. ரெண்டையும் எப்படிப் பிரிச்சுக் காட்டுறது?" என்று கேட்டான்.

எதிரே கடற்படைக் கப்பலொன்று நங்கூரமிட்டு நின்றது. வானம் மந்தாரமாயிருந்தது. கப்பலின் சாம்பல் நிறம் நீரோடும் அப்பாலிருந்த குன்றோடும் கலந்து கிடந்தது. மாணவனின் கையிற் குறையில்லை. எளிதிற் பிரிந்து தெரியலாகாது என்பதற்காகவே தெரிந்தெடுக்கப்பட்ட நிறம் அது. அந்த வித்தையை வளர்த்தவர்களுள் ஓவியர்களும் இருந்தனர் என்பது அவனுக்குத் தெரியாது. அன்று எனக்கும் முழுமையாகத் தெரியாது. அவனது கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது கிடைத்த வரலாறே இக்கட்டுரை.

அதற்கு முன் நம்மிடையே உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். முற்போக்கு வட்டாரங்களில் ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேச்செழுந்தால், அது எதைச் சொல்கிறது, யார் பக்கம் நிற்கிறது என்று கேட்கிறோம். நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அது எவ்வாறு காட்டுகிறது, கண்ணை எங்கே நிறுத்துகிறது, எந்த நிறத்தை எதன் அருகில் வைக்கிறது என்ற கேள்விகளை உருவவாதிகளின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுகிறோம். அதிகார பீடங்களில் இருந்தோர் அவ்வாறு ஒதுக்கவில்லை. கண் எப்படி ஏமாறும் என்பதைக் கற்க அவர்கள் ஓவியரைத் தேடிப் பிடித்தனர். நமது துறைமுகம் அதற்குச் சாட்சி.

கண்ணின் இயல்பு

பழந்தமிழில் ஓவியருக்குக் 'கண்ணுள் வினைஞர்' என்றொரு பெயர் வழங்கியது. மதுரைக்காஞ்சியிலும் சிலப்பதிகாரத்திலும் இச்சொல்லைக் காணலாம். ஓவியனின் தொழில் சுவரிலோ துணியிலோ முடிந்துவிடுவதில்லை, பார்ப்பவன் கண்ணுள்ளேதான் அது நிறைவேறுகிறது என்ற கருத்து அப்பெயரிலேயே பொதிந்திருக்கிறது. ஐரோப்பிய விஞ்ஞானம் பின்னர் சோதனைகளால் நிறுவிய உண்மையை இச்சொல்லை ஆக்கியோர் தொழில் அனுபவத்தால் அறிந்திருக்க வேண்டும்.

பாரிசு நகரின் கொபலென் நெசவுச்சாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த இரசாயன அறிஞர் ஷெவ்ரல், தாம் ஆராய்ந்து கண்டதை 1839ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று நெசவுச்சாலையில் முறைப்பாடு எழுந்திருந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்திற் பழுதில்லை. பக்கத்தில் வைத்து நெய்யப்பட்ட நிறமே கறுப்பை மங்கச் செய்தது. ஒரு நிறம் தனித்து நிற்பதில்லை, அயல் நிறம் அதனை மாற்றுகிறது என்ற இவ்விதியைப் பிரெஞ்சு ஓவியர்கள் பற்றிக்கொண்டனர். சூரா புள்ளி புள்ளியாக நிறங்களை அடுத்தடுத்து வைத்து, அவற்றைக் கலக்கும் வேலையைப் பார்ப்பவன் கண்ணிடமே ஒப்படைத்தார். நவீன ஓவியத்தின் பெரும்பகுதி இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து கிளைத்தது. அது ஒரு தொழிற்சாலையின் முறைப்பாட்டிலிருந்து பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

கோட்டையிலிருந்து ஒரு காட்சி

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகத்தைக் கைப்பற்ற ஐரோப்பியர் பலகாலம் மோதினர். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அம்மலையிற் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே பிரித்தானியர் முதலிலும், சப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக் கடற்படை பின்னரும் இவ்விடத்தைக் கைக்கொண்டன. 1795இல் வந்த பிரித்தானியர் நிலைத்துவிட்டனர்.

படைக்குப் பின்னால் சித்திரக்காரர் வந்தார். 1805இல் இலங்கை வந்த சாமுவேல் டானியல் என்ற ஆங்கில ஓவியர், இத்தீவின் இயற்கைக் காட்சிகள், விலங்குகள், மக்கள் பற்றிய பன்னிரண்டு சித்திரங்களை 1808இல் வெளியிட்டார். ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து பார்த்த திருகோணமலைத் துறைமுகமும் அவற்றுள் ஒன்று. அச்சித்திரங்களின் உத்தி கவனிக்கத்தக்கது. செப்புத் தகட்டின்மீது குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்கி, அமிலத்தில் இட்டால், பொடியின் இடைவெளிகளை அமிலம் அரிக்கும். நெடுநேரம் அரித்த பகுதி அச்சிற் கருமையாகவும், சிறிது நேரம் அரித்த பகுதி வெளிறியும் விழும். கோட்டினால் அன்றி மெல்லிய நிழற்படலங்களால் காட்சியை எழுப்பும் முறை இது. முன்னே நிற்கும் மரம் கருமையாகவும் நடுவே உள்ள நீர் தெளிவாகவும் தூரத்து மலை நீலம் பாய்ந்து மங்கலாகவும் காட்டப்படும். இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்துப் பொருள் கண்ணுக்கு வெளிறித் தோன்றும் என்ற உண்மையே இதற்கு அடிப்படை.

இவ்வழகை நான் மறுக்கவில்லை. ஆயினும் கண் நிற்கும் இடத்தைப் பாருங்கள்! அது துறைமுக வாயிலைக் காவல்செய்யும் கோட்டை. அந்த உயரத்திலிருந்து பீரங்கி எதைப் பார்த்ததோ அதையே ஓவியரின் கண்ணும் பார்த்தது. அக்காலத்து இயற்கைக் காட்சி ஓவியங்களில் உள்ளூர் மனிதர் இடம்பெறுவதும் பெரும்பாலும் மரத்தின் உயரத்தையும் மலையின் தூரத்தையும் அளந்து காட்டுவதற்காகவே. டானியல் தீயவர் என்பதன்று என் வாதம். நல்ல கலைஞர் ஒருவரின் நேர்மையான கையும், தான் நிற்கும் இடத்துக்கு ஏற்பவே உலகைக் காணும் என்பதே.

மீனின் முதுகும் கப்பலின் விலாவும்

இயற்கையைக் காட்டப் பயன்பட்ட இவ்வித்தை மறைக்கப் பயன்படத் தொடங்கியது பிற்காலத்தில். அதன் தொடக்கத்தை அறிய நமது மீன்சந்தைக்குப் போனாற் போதும். திருக்கடலூர்ப் பெண்கள் விற்கும் சூரை மீனைத் திருப்பிப் பாருங்கள். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து நோக்கும் பறவைக்கு அது ஆழ்கடலின் இருளோடு கலக்கும். கீழிருந்து நோக்கும் பெருமீனுக்கு வானத்தின் வெளிச்சத்தோடு கலக்கும்.

பக்கவாட்டில் நோக்கினாற்கூட இந்நிறம் உதவுகிறது என்பதை 1896இல் எடுத்துக்காட்டியவர் அபொட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். வெளிச்சம் மேலிருந்து விழுவதால் எந்தப் பொருளுக்கும் மேற்புறம் வெளுத்தும் அடிப்புறம் நிழல் படிந்தும் தோன்றும். அந்த ஒளிநிழலைக் கொண்டே கண் அதன் திரட்சியை உணர்கிறது. ஓவியன் இதே ஒளிநிழலைத் தாளில் இட்டுத் தட்டையான பரப்பில் திரட்சியை உண்டாக்குகிறான். இயற்கையோ முதுகைக் கருமையாக்கி வயிற்றை வெளுப்பாக்கித் திரண்ட உடலைத் தட்டையாக்கிக் காட்டுகிறது. ஓவியம் பயின்றவர் கண்ணுக்கு இது விரைவிற் புலப்பட்டதில் வியப்பில்லை.

1914இல் உலகப் போர் மூண்டது. கப்பலின் நிழல் விழும் பகுதிகளை வெளுப்பாக்குமாறும், அதன் உருவரையைத் துண்டு துண்டாக உடைத்துக் காட்டும் பட்டைகளைப் பூசுமாறும் ஜோன் கிரஹாம் கேர் என்ற விலங்கியற் பேராசிரியர் பிரித்தானியக் கடற்படைக்கு எழுதினார். 1915இல் பிரெஞ்சுப் படை, ஸ்கெவோலா என்ற ஓவியரின் தலைமையில் உருமறைப்புக்கெனவே ஒரு பிரிவை நிறுவியது. உருவத்தைச் சிதைத்துக் காட்டக் கற்றிருந்த கியூபிச ஓவியர் சிலரும் அதிற் சேர்க்கப்பட்டனர்.

1917இல் நோர்மன் வில்கின்சன் என்ற கடற்காட்சி ஓவியர் புதியதொரு யோசனையை முன்வைத்தார். மாறிக்கொண்டிருக்கும் கடல் வெளிச்சத்திற் கப்பலை முற்றாக மறைக்க இயலாது; ஆகவே பகைவனைக் குழப்புவோம் என்றார் அவர். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் டோர்ப்பிடோ இலக்கை அடையச் சிறிது நேரம் செல்லும். எனவே கப்பல் இப்போது நிற்கும் இடத்துக்கன்றி, அது போய்ச் சேரவிருக்கும் இடத்துக்குக் குறிவைக்க வேண்டும். அதற்குக் கப்பல் செல்லும் திசையையும் வேகத்தையும் சில கணப் பார்வையிற் கணித்தாக வேண்டும். கறுப்பு, வெள்ளை, நீலம், பச்சை நிறங்களில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகளைத் தீட்டினால் முன்னணியம் எது, பின்னணியம் எது என்ற கணிப்புத் தவறும். இலண்டன் அரச கலைக்கழகத்தின் அறைகளிலே கலை மாணவியர் சிறிய மாதிரிக் கப்பல்களுக்கு வர்ணம் தீட்டினர். அவை சுழலும் மேசைமீது வைக்கப்பட்டு, நீர்மூழ்கியின் நோக்குக்குழாய் வழியே பார்த்துச் சோதிக்கப்பட்டன. போர் முடிவதற்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிரித்தானியக் கப்பல்கள் இவ்வாறு தீட்டப்பட்டன. இதனால் எத்தனை கப்பல்கள் தப்பின என்பதை அக்காலத்து விசாரணைக் குழுவாலும் உறுதியாக நிறுவ முடியவில்லை. மாலுமிகளுக்கு மனத்தெம்பு ஏற்பட்டது மட்டும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

லிவர்பூல் முதலிய துறைகளில் இப்பணியை மேற்பார்வை செய்தவர்களுள் எட்வர்ட் வாட்ஸ்வொர்த் என்ற நவீன ஓவியரும் ஒருவர். உலர்துறையில் நிற்கும் பட்டை தீட்டிய கப்பலை 1919இல் அவர் பெரிய ஓவியமாக வரைந்தார். அதில் கப்பலின் அடியில் வேலைசெய்யும் தொழிலாளர் சிற்றுருவங்களாகத் தோன்றுகின்றனர். கோட்டைக்கு மேலிருந்து பார்த்தாலும் உலர்துறையின் தரையிலிருந்து பார்த்தாலும் உழைப்பவன் ஏன் இத்தனை சிறியவனாகிறான் என்று நாம் கேட்க வேண்டாமா?

போர்க்காலத் திருகோணமலை

இரண்டாம் உலகப் போர் இவ்வித்தையை நமது துறைமுகத்துக்கே கொண்டுவந்தது. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்ததும், பிரித்தானியரின் கீழைக் கடற்படைக்குத் திருகோணமலை முன்னிலும் முக்கியமாயிற்று. ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்ட 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு அப்பால் அன்று காலை மூழ்கடிக்கப்பட்டது. முந்நூற்றேழு பேர் மாண்டனர். அக்கப்பல் மூழ்கும் காட்சியை யப்பானிய விமானங்கள் எடுத்த படங்கள் இன்றும் உள்ளன. வானத்திலிருந்து நோக்கும் கண்ணுக்கு முன்னால், பக்கவாட்டில் நோக்கும் கண்ணுக்காக வகுத்த வர்ணம் பெரிதும் உதவாது. ஓடும் கப்பலின் பின்னால் விரியும் வெண்ணுரைக் கோட்டை எந்தத் தூரிகை அழிக்கும்? பார்வை நிற்கும் இடம் மாறியதும் பழைய உத்தி பயனற்றுப்போயிற்று. கலையின் வரலாற்றுக்கும் இது பொருந்தும்.

கிழக்காபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கிய கடற்படை 1944 தொடக்கத்தில் திருகோணமலைக்கு மீண்டது. இங்கிலாந்தில் லெமிங்டன் நகரில் ஓவியர்களையும் விஞ்ஞானிகளையும் கூட்டிவைத்து, தொட்டி நீரில் மாதிரிக் கப்பல்களை மிதக்கவிட்டு, செயற்கை வெளிச்சத்திற் சோதித்து வகுத்த வர்ணத் திட்டங்களை அக்காலக் கப்பல்கள் பல அணிந்திருந்தன.

அவ்வாண்டு ஏப்ரலில் தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றிய மவுண்ட்பேட்டனும் இவ்வித்தையில் ஈடுபாடுள்ளவர். 1940இல், ஊதா கலந்த சாம்பல் நிறப் பயணிகள் கப்பலொன்று அந்தி வேளையில் மற்றவற்றுக்கு முன்னரே கண்ணுக்கு மறைந்ததைக் கண்டு, தம் நாசகாரிக் கப்பல்களுக்கு இளஞ்சிவப்புக் கலந்த சாம்பல் வர்ணத்தைப் பூசுவித்தவர் அவர். அந்த நிறத்தின் பயன் பின்னர் ஐயத்துக்குள்ளாயிற்று. இதன் காரணத்தை வீட்டு முற்றத்திலேயே சோதிக்கலாம். பகலிற் பளிச்சிடும் செவ்வரத்தம்பூவை இருள் கவியும் நேரத்தில் உற்றுப் பாருங்கள். இலையின் பசுமை இன்னும் தெரியும்போதே பூவின் சிவப்புக் கருத்துவிடும். வெளிச்சம் குறையும்போது நமது கண், சிவப்பை உணராத வேறுவகை நரம்பணுக்களைக் கொண்டு பார்க்கத் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புர்க்கின்யே என்ற செக் அறிஞர் இம்மாற்றத்தை விவரித்தார். ஆகவே சிவப்புக் கலந்த கப்பல் ஒரு வேளையில் மறையலாம். பின்னணி வெளுத்திருக்கும் இன்னொரு வேளையிற் கருத்துத் துலங்கித் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கலாம்.

1944 நவம்பரில் பிரித்தானிய பசுபிக் கடற்படை திருகோணமலையில் உருவாக்கப்பட்டது. அப்போது ராடார் வலுப்பெற்றிருந்தது. கண்ணை ஏமாற்றும் வர்ணம் மின்காந்த அலையை ஏமாற்ற முடியாது. சிக்கலான பட்டைகள் படிப்படியாகக் கைவிடப்பட்டு, எளிய சாம்பலும் நீலமும் எஞ்சின.

இந்த வர்ணங்களின் பெயரையும் கலவை எண்ணையும் கடற்படை ஏடுகள் கவனமாகப் பதிந்து வைத்திருக்கின்றன. துறைமுகப் பட்டறையில் உழைத்த தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலையாளிகள் ஆகியோரின் பெயரை அவ்வாறு பதிந்தவர் யார்? எந்தக் கப்பற்பட்டறையிலும் வர்ணத்துக்கு முன் வரும் வேலை துருச் சுரண்டுவது. பின்னர் துருப்பிடியாதிருக்க ஈயச் செந்தூரம் கலந்த அடிப்பூச்சு. ஈயத்தூள் மூச்சோடு உட்சென்று உடலை மெல்ல மெல்ல அரிக்கும் நஞ்சு. வர்ணத்தின் அறிவு ஓவியருடையது, ஆணை தளபதியுடையது, நஞ்சு மட்டும் தொழிலாளியுடையது! 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. கொடி மாறியது, சாம்பல் நிறம் மாறவில்லை.

பீப்பாய்களின் காலம்

என் தலைமுறை உருமறைப்பைக் கப்பலிற் கற்கவில்லை, வீதியிற் கற்றது. போர்க்காலத்தில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பச்சையும் மண்ணிறமும் கறுப்பும் திட்டுத்திட்டாகப் பூசிய தகரப் பீப்பாய்கள் நின்றன. நகர வீதியின் நடுவே காட்டின் நிறம் எதை மறைக்கும்? அது மறைப்பதற்கன்று, அஞ்சவைப்பதற்கே என்பதைச் சிறுவராகிய நாங்கள் நன்கறிந்திருந்தோம்.

கொழும்பில் அதே பீப்பாய்களைக் கண்டு சிந்தித்தவர் சந்திரகுப்த தேனுவர. மொஸ்கோவின் சூரிக்கோவ் கலை நிறுவனத்திற் பயின்ற சிங்கள ஓவியர் அவர். 1997இல் அந்த உருமறைப்புப் பீப்பாயையே தம் கலையின் பொருளாகவும் வடிவமாகவும் கொண்டு 'பீப்பாயியம்' எனத்தக்க பெயரொன்றை அதற்கு இட்டுக் காட்சிக்கு வைத்தார். அன்றாட வாழ்வில் பழகிப்போய்க் கண்ணிற் படாதிருந்த பீப்பாய், காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டதும் மக்கள் கண்ணை உறுத்தியது. மறைக்கும் வர்ணத்தைக் கொண்டே மறைக்கப்பட்டதைக் காட்டினார் அவர். 1983 யூலைப் படுகொலைகளை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் யூலை 23ஆம் நாள் அவர் கண்காட்சி நடத்தி வந்திருக்கிறார். தெற்கிலே காணாமலாக்கப்பட்டோருக்காக 2000ஆம் ஆண்டு ரத்தொலுகமவில் எழுந்த நினைவுச்சின்னத்தை வடிவமைத்தவரும் அவரே. அதன் சுவரிலே முகங்கள் பதிக்கப்பட்டுள்ளன.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓவியர் தா. சனாதனன் இன்னொரு வழியிற் சென்றார். இடம்பெயர்ந்த மக்கள் தாம் இழந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவிலிருந்து வரைந்தனர். அவற்றைத் தொகுத்து 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் தலைப்பில் 2011இல் நூலாக்கினார். தோம்பு என்பது ஒல்லாந்தர் நம் காணிகளை எழுதிவைத்த பதிவேடு. ஆள்வோரின் ஏட்டு வடிவத்தை எடுத்து, ஆளப்பட்டோரின் நினைவை அதில் எழுதுவித்தார் அவர். அக்கோடுகள் கோணலானவை, அளவு பிசகியவை. அப்பிசகே நினைவின் அடையாளம்.

மறைத்தலுக்கும் காட்டலுக்கும் இடையிலான இப்போராட்டம் நமது துறைமுகத்தை விட்டு அகலவில்லை. வலிந்து காணாமலாக்கப்படுதல் பற்றிய ஐக்கிய நாடுகள் செயற்குழு 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது, திருகோணமலைக் கடற்படைத் தளத்தினுள் இரகசியத் தடுப்பு நிலையமொன்றைப் பார்வையிட்டதாக அறிவித்தது. ஓவியத் தாளிற் கடலையும் கப்பலையும் பிரித்துக் காட்டத் தெரியாது திகைத்த மாணவனைப் போலவே, இந்நகர மக்களாகிய நாமும் அந்தச் சாம்பல் நிறத்துக்கு அப்பால் எதையும் காணாதிருந்தோம். 2017இல் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் திருகோணமலை உட்பட வடக்குக் கிழக்கு நகரங்களின் தெருவோரத்தில் அமர்ந்து, தம் பிள்ளைகளின் படங்களை மடியில் ஏந்திப் போராட்டம் தொடங்கினர். முகத்தைக் காட்டுவதற்கு அவர்களிடம் இருந்த கருவி அந்தப் படங்களே.

நாம் கற்க வேண்டியது

ஆகவே தோழர்களே, உத்தியைப் பற்றிப் பேசுவது உள்ளடக்கத்தைக் கைவிடுவதாகாது. கடற்படை அதிகாரி ஓவியரை அழைத்துக் கண்ணின் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டார். மக்கள் பக்கம் நிற்போம் என்று சொல்லும் நாமோ அவ்விலக்கணத்தைப் பாடசாலையில் ஓர் ஒப்புக்கான பாடமாக விட்டுவைத்திருக்கிறோம். உயர்த்திய கையையும் சிவந்த சூரியனையும் வரைந்தால் முற்போக்கு ஓவியமாகிவிடும் என்று கருதுவோர் இன்னும் இருக்கின்றனர். அந்திப் பொழுதிற் சிவப்பே கண்ணுக்கு முதலில் கருத்துப்போகும் என்பதை அறியாத கை, எந்தச் சிவப்பைத் தீட்டி யாரை விழிக்கச் செய்யும்?

வெறும் உத்தியும் போதாது. வில்கின்சனின் பட்டைகளும் தேனுவரவின் பீப்பாய்களும் கண்ணைப் பற்றிய ஒரே அறிவையே பயன்படுத்துகின்றன. யாருக்காக, எதைக் காட்ட, எதை மறைக்க என்ற கேள்வியே இரண்டையும் பிரிக்கிறது. இவ்வறிவும் இக்கேள்வியும் சேர்ந்தே மாணவனைச் சென்றடைய வேண்டும்.

அன்று மாலை அந்த மாணவனுக்கு நான் சொல்லக்கூடிய விடை எதுவும் இருக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் கப்பலையே பார், தம்பி" என்று மட்டும் சொன்னேன். அவன் போய் அமர்ந்து நெடுநேரம் பார்த்தான். பொழுது சாயும் வேளையில் தாளைக் கொண்டுவந்து காட்டினான். கடலும் கப்பலும் முன்போலவே ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. ஆனால் நங்கூரச் சங்கிலி இறங்கும் துளையின் கீழே, துரு வடிந்த செம்பழுப்புக் கோடொன்றை மெல்லியதாக இழுத்திருந்தான். அந்த ஒரு கோட்டினால் கப்பல் கடலிலிருந்து பிரிந்து முன்னே வந்து நின்றது. "வடிவாப் பாத்தால் அது இருக்குது சேர்" என்றான்.

நாளைக்கு ஒரு தொழிலாளி வந்து சுரண்டப்போகும் துரு அது.